முக்கோணத்துள் ஓர் எண்: நெகிழி உறைகளின் குறியீடுகள் சொல்வதும் சொல்லாததும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடையில் ஓர் உணவுப் பொட்டலத்தை எடுத்தவுடன் அதன் பின்புறத்தைத் திருப்பிப் படிப்பது சமணக் குடும்பங்களில் ஊறிப்போன வழக்கம். பச்சைப் புள்ளி இருக்கிறதா, சேர்மானங்களில் ஜெலட்டின் போன்று விலக்க வேண்டியது ஏதும் உண்டா என்று பார்த்த பிறகே அப்பொருள் வீட்டுக்குள் வருகிறது. உள்ளிருக்கும் உணவின் மீது இத்தனை கவனம் செலுத்தும் இல்லங்களிலும், அந்த உணவைத் தாங்கி வந்த உறையின் மீதுள்ள குறிகள் பெரும்பாலும் படிக்கப்படாமலேயே குப்பைக் கூடைக்குப் போகின்றன. தண்ணீர்ப் புட்டியின் அடியில் ஒரு சிறு முக்கோணம் உண்டு. அதனுள் ஓர் எண் உண்டு. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அக்குறியின் வரலாற்றைக் காண்போர்க்கு இக்குழப்பத்தின் வேர் விளங்கும். முதல் புவி நாள் கொண்டாடப்பட்ட 1970ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் மறுசுழற்சிக்கு ஓர் அடையாளம் வேண்டி மாணவர்களிடையே போட்டி நடத்தியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் கேரி ஆண்டர்சன் வரைந்த உருவம் பரிசு பெற்றது. ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து துரத்தும் மூன்று அம்புகள் கொண்ட அந்த முக்கோணம், உலகெங்கும் மறுசுழற்சியின் முத்திரையாக நிலைத்தது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1988இல், அந்நாட்டு நெகிழித் தொழிலகச் சங்கம் வேறொரு தேவைக்காக ஒரு குறியீட்டு முறையை உருவாக்கியது. பழைய புட்டிகளை வாங்கி உருக்கும் ஆலைகளுக்கு, ஒவ்வொரு புட்டியும் எந்த வகை நெகிழியால் ஆனது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காக 1 முதல் 7 வரை எண்கள் வகுக்கப்பட்டன. அந்த எண்களைச் சுற்றி அச்சங்கம் அமைத்ததும் அம்புகளால் ஆன முக்கோணமே. பிரிப்பவருக்கு உதவியாக அமைந்த ஒரு பொருட்குறிப்பு, பார்ப்பவருக்கு மறுசுழற்சி வாக்குறுதியாகத் தோன்றியதன் காரணம் இதுவே. பிற்காலத்தில் இம்முறையின் பொறுப்பை ஏற்ற ஏ.எஸ்.டி.எம். என்னும் தர அமைப்பு, 2013இல் அம்புகளை நீக்கிவிட்டு வெறும் கோடுகளாலான முக்கோணத்தை விதித்தது. ஆயினும் பழைய அச்சுகளில் வார்க்கப்படும் கலன்களில் அம்புகள் இன்றளவும் காணப்படுகின்றன.

இனி அந்த ஏழு எண்களையும் இல்லத்தின் அடுக்களையிலேயே தேடிக் காணலாம்.

எண் 1 என்பது பெட் எனச் சுருக்கமாக வழங்கும் பாலிஎத்திலீன் டெரிப்தலேட். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்ப் புட்டி, குளிர்பானப் புட்டி, சில எண்ணெய்ப் புட்டிகள் ஆகியவை இவ்வகை. இப்புட்டிகள் பொடியாக்கப்பட்டு, கழுவப்பட்டு, பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாக மறுபிறப்பு எய்துகின்றன. எண் 2 உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன். ஒளி ஊடுருவாத ஷாம்பூப் புட்டி, எண்ணெய்க் கேன், சலவைத் திரவக் கலன் ஆகியவற்றில் இந்த எண்ணைக் காணலாம். எண் 3 பி.வி.சி. வீட்டுக் குழாய்கள் இவ்வகையின. மாத்திரை அட்டையில் மாத்திரை அமர்ந்திருக்கும் தெளிந்த பகுதியும் பெரும்பாலும் இதுவே.

எண் 4 தாழ் அடர்த்திப் பாலிஎத்திலீன். நாள்தோறும் விடியற்காலையில் வாசலுக்கு வரும் பால் உறை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. எண் 5 பாலிபுரொப்பிலீன். உணவகத்திலிருந்து வரும் மூடியிட்ட டப்பா, தயிர்க் குவளை, அரிசி வரும் பின்னல் சாக்கு ஆகியவற்றுக்கு இதுவே மூலம். எண் 6 பாலிஸ்டைரீன். தெர்மாகோல் என வழங்கும் வெண்ணிற நுரைப்பலகையும், அழுத்தினால் நொறுங்கும் குவளைகளும் கரண்டிகளும் இதனால் ஆனவை.

எண் 7 ஒரு தனிப் பொருளைக் குறிப்பதில்லை. முதல் ஆறில் அடங்காத யாவும் அதில் அடங்கும். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களில் பல இவ்வெண்ணைத் தாங்குகின்றன. அவை பாலிகார்பனேட்டால் ஆனவை. சோளம் போன்ற தாவரங்களின் மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் பொருளும் இதில்தான் வருகிறது. வெவ்வேறு நெகிழிகளையோ, நெகிழியும் அலுமினியமும் போன்றவற்றையோ அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் நொறுக்குத்தீனி உறைகளும் இவ்வெண்ணின் கீழ் வருவனவே. ஆகவே 7 என்னும் எண்ணைக் கண்டு இன்ன பொருள் என்று எவராலும் சொல்ல இயலாது.

இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிய வேண்டிய தேவை என்ன என்னும் வினா எழலாம். நெகிழிகள் யாவும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் நெருப்பின் முன் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகும். பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தாங்காத பி.வி.சி. அதற்கு முன்பே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயுவை வெளியிடுகிறது. பெட் சில்லுகளின் குவியலில் பி.வி.சி. சிறிதளவு கலந்துவிட்டாலும் குவியல் முழுதும் நிறம் மாறி வலுவிழக்கிறது, இயந்திரமும் அரிக்கப்படுகிறது.

கழுவும் தொட்டியில் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட் அமிழும். புட்டியிலிருந்து மூடித் துணுக்குகளை ஆலைகள் பிரிப்பது இந்த எளிய இயல்பைக் கொண்டே. ஆனால் பி.வி.சி.யும் பெட்டைப் போலவே அமிழும் இயல்புடையது. தண்ணீர் பிரிக்க மாட்டாத அவ்விரண்டையும் மனிதக் கண்ணோ நுண்கருவியோதான் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் முக்கோணத்து எண் பயன் தருகிறது.

தமிழகத்திலேயே இதற்கு நல்லதொரு சான்று உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பயன்படுத்திய நெகிழியைக் கொண்டு சாலை அமைக்கும் முறையைக் கண்டறிந்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரது முறையில், சூடாக்கிய கருங்கல் ஜல்லியின் மீது துண்டாக்கிய நெகிழி தூவப்படுகிறது. அது உருகி ஜல்லியைப் படலமாகப் போர்த்துகிறது; அதன் பின்னரே தார் சேர்க்கப்படுகிறது. பால் உறையும், பாலிபுரொப்பிலீன் உறையும், தெர்மாகோலும் இதற்குத் தகும். பி.வி.சி. மட்டும் சேர்க்கப்படுவதில்லை; சூட்டில் அது வெளியிடும் வாயு பணியாளருக்குத் தீங்கானது. வேண்டாததென எறியப்பட்ட பொருளில் எது சாலைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்பதை அங்கும் பொருளின் வகையே முடிவு செய்கிறது.

இக்காரணத்தாலேயே இல்லத்துக் குப்பையைக் கொளுத்துவது பெருந்தீங்கு. எந்த நெகிழி எது என்று பாராமல் போகி நாளிலோ, காலிமனையின் மூலையிலோ கொளுத்தும்போது, பி.வி.சி. கலந்த புகையில் அமில வாயுவும் டயாக்சின் என்னும் நச்சுப்பொருள்களும் எழுகின்றன. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் கொளுத்தியவரின் பிள்ளைகளும் அண்டை வீட்டாருமே.

அடுத்து, இந்த எண்களைப் பற்றி மக்களிடையே உலவும் தவறான கருத்துகளைக் களைய வேண்டும்.

முக்கோணம் இருந்தால் அப்பொருள் மறுசுழற்சி ஆகிவிடும் என்பது முதற்கருத்து. எண் பொருளின் பெயரை மட்டுமே கூறுகிறது. அப்பெயருடைய பொருளை அவ்வூரில் சேகரிப்பவர் உண்டா, வாங்குபவர் உண்டா, உருக்கும் ஆலை அருகில் உண்டா என்பவற்றைப் பொறுத்தே அதன் கதி அமையும். எண் 1, எண் 2 புட்டிகளைப் பழைய பொருள் கடைக்காரர் எடை போட்டு வாங்குகிறார். எண் 6 நுரைப்பலகையை எவரும் எளிதில் வாங்குவதில்லை. அம்புக்குறி மக்களைத் திசைதிருப்புகிறது என்பதை உணர்ந்து, உண்மையில் மறுசுழற்சி ஆகாத உறைகளில் அக்குறியைப் பொறிப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னிய மாநிலம் 2021இல் இயற்றியது.

எண் 1 என்றால் ஒருமுறை, எண் 5 என்றால் ஐந்து முறை பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது கருத்து. கைப்பேசிகளில் இச்செய்தி பலமுறை சுற்றி வந்திருக்கும். இது முற்றிலும் பிழை. இந்த எண்கள் தடவைகளையும் காட்டுவதில்லை, தரவரிசையையும் காட்டுவதில்லை. தண்ணீர்ப் புட்டியை மீண்டும் நிரப்ப வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்கள் உள்ளன: அதன் சுவர் மெல்லியது, வாய் குறுகியது, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவ இயலாது. பயன்படுத்திய பின் நசுக்கிவிடுமாறு அதன் மீதே அச்சிடப்பட்டிருக்கும். நசுக்காத புட்டியைப் பொறுக்கி, போலித் தண்ணீரை நிரப்பி விற்போர்க்கு அது வாய்ப்பாகிவிடும்.

எண் உணவுக்கு உகந்ததைக் காட்டும் என்பது மூன்றாவது கருத்து. பாலிபுரொப்பிலீன் உணவு டப்பாவும் ஆகிறது, சாக்கும் ஆகிறது. இரண்டிலும் எண் 5 பொருந்தும். உணவோடு தொடர்பு கொள்ளத் தக்கது என்பதைக் காட்டுவதற்கு ஐரோப்பியப் பொருள்களில் மதுக்கிண்ணமும் முட்கரண்டியும் அருகருகே வரையப்பட்ட வேறொரு குறி உண்டு. எண்ணைக் கண்டு எண்ணெய்க் கேனில் ஊறுகாய் போடுவதும், சாயக் கலனில் தானியம் சேமிப்பதும் தகாது.

நான்காவது குழப்பம் சமணக் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் சதுரத்துள் அமைந்த பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும் என்பது அனைவரும் அறிந்தது. வெளிநாட்டு இனிப்புகளிலும் பிஸ்கட்டுகளிலும், ஒன்றையொன்று தழுவிய இரு அம்புகள் கொண்ட வட்டக் குறி ஒன்றைக் காணலாம்; பல உறைகளில் அது பச்சை நிறத்திலேயே இருக்கும். அதன் பெயரும் பச்சைப் புள்ளி என்பதே. ஆனால் அது 1991ஆம் ஆண்டின் உறைப்பொருள் ஆணையை ஒட்டி ஜெர்மனியில் தோன்றிய குறி. அந்நாட்டில் உறைகளைச் சேகரித்துப் பிரிக்கும் அமைப்புக்கு உற்பத்தியாளர் கட்டணம் செலுத்திவிட்டார் என்பதே அதன் பொருள். உள்ளிருக்கும் உணவு சைவம் என்றோ, அந்த உறை மறுசுழற்சி ஆகும் என்றோ அது கூறுவதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணரும் பொட்டலங்களில் அக்குறியைக் கண்டு சைவம் என்று நம்பிவிடாமல், சேர்மானங்களைப் படித்தறிவதே முறை.

இந்திய உறைகளில் எண்ணைத் தவிர வேறு சில வாசகங்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், கைப்பைகளின் மீது உற்பத்தியாளர் பெயரும் பதிவெண்ணும் பையின் தடிமனும் இருக்க வேண்டும் என்கின்றன. தடிமன் மைக்ரான் என்னும் அளவில் குறிக்கப்படும். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். நாடு முழுதும் கைப்பைகளுக்கான குறைந்த அளவு 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டது. மெல்லிய பை எளிதில் பறக்கும், கிழியும். பொறுக்குபவருக்கு எடையும் தராது. அதனால் அது தெருவிலேயே கிடக்கும். தடிமனை உயர்த்தியதன் நோக்கம் அதைத் தடுப்பதே. தமிழ்நாட்டிலோ, 2019 ஜனவரி 1 முதல் நெகிழிக் கைப்பைகள் எந்தத் தடிமனாயினும் தடைக்கு உட்பட்டவை. ஆகவே பையின் மீது 120 என அச்சிட்டிருப்பதைக் காட்டி அது அனுமதிக்கப்பட்டது என்று கடைக்காரர் கூறினால் அக்கூற்று இங்குச் செல்லாது. நெகிழி பூசிய காகிதக் குவளைகளும் அத்தடையில் அடங்குவன. அவை காகிதம் போலத் தோன்றினும் உட்புறம் பாலிஎத்திலீன் படலம் உடையவை.

மக்கும் நெகிழி என்னும் வாசகத்தையும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். உரமாகத் தக்க நெகிழி, ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமும் ஈரமும் காற்றும் முறையாக அமைந்த உரக்கூடங்களில் மக்குமாறு வடிவமைக்கப்பட்டது. வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ எறிந்தால் அது அவ்வாறு விரைந்து மறைந்துவிடுவதில்லை. பெட் புட்டிகளோடு கலந்தால் அவற்றின் மறுசுழற்சியையும் அது கெடுக்கும்.

குறிகளை அறிவதன் பயன் அவற்றை அறிந்த பின் கை செய்யும் செயலில் உள்ளது. இல்லத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு உறையும் தூய்மைப் பணியாளர் ஒருவரின் கையில் போய்ச் சேர்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் அவர் எடுப்பது உலர்ந்த, தூய நெகிழி. பிரிக்காமல் கொடுத்தால் அவர் துழாவுவது அழுகிய சோற்றையும் குழம்பையும். சோற்றுப் பருக்கை ஒட்டிய எண் 5 டப்பாவும், எண்ணெய் வழியும் எண் 2 கேனும் தம் எண்ணால் பெற வேண்டிய மதிப்பை அழுக்கால் இழக்கின்றன. ஒரு குவளைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் அம்மதிப்பு காக்கப்படும்.

பால் உறையில் இன்னொரு நுட்பம் உண்டு. பெரும்பாலோர் அதன் மூலையை முற்றிலும் வெட்டி எறிந்துவிடுகின்றனர். விரல்நக அளவேயுள்ள அத்துணுக்கை எந்தக் கையாலும் பொறுக்க இயலாது. அது மண்ணிலும் வாய்க்காலிலும் சேர்ந்துவிடும். மூலையை உறையோடு ஒட்டியபடியே விட்டு வெட்டி, பின்பு அலசி உலர்த்தினால், முழு உறையும் எண் 4இன் குவியலுக்குச் சேரும்.

மீந்த உணவைப் பையில் இட்டு முடிச்சிட்டு எறியும் வழக்கம் அனைத்திலும் கொடிது. உணவின் மணத்தை நாடி வரும் பசு முடிச்சை அவிழ்க்க அறியாது, பையோடு விழுங்குகிறது. நெகிழி அதன் முதல் இரைப்பையில் தங்கிவிடுகிறது. அது செரிப்பதில்லை, சாணத்தோடு வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உருண்டையாகி, தீனிக்கு இடமில்லாமல் அவ்வுயிர் மெலிகிறது. கால்நடை மருத்துவர்கள் வயிற்றைக் கீறி அக்குவியலை வெளியே எடுக்கும் அறுவைச் சிகிச்சை இந்நாட்டில் அரிதான செய்தியன்று. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பங்களின் வாசலிலிருந்து அத்தகைய முடிச்சு ஒன்றுகூட வெளியேறலாகாது.

விழாக் காலங்களில் இப்பொறுப்பு பன்மடங்காகிறது. ஐந்நூறு பேர் உண்ணும் ஒரு பந்தியில் ஒவ்வொருவருக்கும் கால் லிட்டர் தண்ணீர்ப் புட்டி வைப்பதாகக் கொள்வோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்நூறு புட்டிகள், ஐந்நூறு மூடிகள், ஐந்நூறு மேலுறைகள். அதே 125 லிட்டர் தண்ணீர் ஏழு இருபது லிட்டர்க் கேன்களில் அடங்கும். அக்கேன்கள் காலியானதும் நிரப்பும் நிலையத்துக்கே திரும்பிச் செல்லும். எவர்சில்வர் குவளைகளைக் கழுவ இருவர் போதும். வாழையிலையும், மந்தாரை இலையும், பாக்குமட்டைத் தட்டும் உரக்குழிக்குப் போவன. எந்த எண்ணையும் தேட வேண்டாத பந்தி இவ்வாறு அமைகிறது.

தவிர்க்க இயலாதவற்றைத் தேர்ந்து வாங்குவது அடுத்த நிலை. ஒரே பொருளாலான உறையும் பல அடுக்கு உறையும் ஒரே விலையில் கிடைத்தால், எண் 1, 2, 4, 5 ஆகியவற்றில் ஒன்றைத் தாங்கியதை எடுப்பது நன்று. உள்ளே வெள்ளிபோல் மின்னும் பல அடுக்கு உறைகளைப் பிரித்தெடுக்கும் வழி எளிதில் இல்லை. அவற்றுள் சேகரிக்கப்படுவனவும் பெரும்பாலும் சிமெண்டு ஆலைச் சூளைகளில் எரிபொருளாகவே முடிகின்றன. சிறு சிறு பொட்டலங்கள் பத்தைத் தவிர்த்துப் பெரியது ஒன்றை வாங்குவதும், மளிகையைத் துணிப்பையிலும் தூக்கிலும் வாங்கிய முந்தைய தலைமுறையின் வழக்கத்துக்கு இயன்ற அளவு திரும்புவதும் அதனினும் நன்று.

இல்லத்தார் இவ்வாரமே செய்து பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு நாளின் நெகிழிக் குப்பையை அலசிக் கொடுத்து, எண் வாரியாக அடுக்கச் சொல்லலாம். எந்த எண் மிகுதியாக வருகிறது, எத்தனை உறைகளில் எண்ணே இல்லை, எவற்றைப் பழைய பொருள் கடைக்காரர் வாங்க மறுக்கிறார் என்பதை அவர்களே கண்டறிவார்கள். அடுத்த மாத மளிகைப் பட்டியலை எழுதும்போது அந்த அடுக்குகள் பெற்றோருக்குத் துணைசெய்யும்.